முதல் பருவத்தில் பிள்ளைகள் கற்றதைப் பெற்றோருக்கு எவ்வாறு காட்டுவது?

கேள்வி: ஈராசிரியர் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளைச் சேர்ந்த 24 பிள்ளைகளும் ஒரே அறையில் என்னிடம் படிக்கிறார்கள். இம்மாத இறுதியில் முதல் பருவம் முடிகிறது. காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்குச் சற்றுத் தயக்கமாக இருப்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற வாரம் ஒரு தந்தை, இரண்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகனின் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். பாதிக்கு மேல் வெற்றுத்தாளாக இருக்கிறதே, பக்கத்து ஊரில் ஆங்கில வழியில் படிக்கும் என் அண்ணன் மகன் இந்த நான்கு மாதத்தில் மூன்று குறிப்பேடுகளை எழுதி முடித்துவிட்டான், இங்கே பிள்ளைகள் விளையாடிவிட்டுத்தானே வருகிறார்கள் என்று கேட்டார். அவர் கோபமாகப் பேசவில்லை. மகனைப் பற்றிய கவலையோடுதான் கேட்டார். அதனாலேயே எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பருவத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகர வரிசையில் தொடங்காமல், எழுதுவதற்கு எளிய ட, ப, ம ஆகிய எழுத்துகளில் தொடங்கினேன். இரண்டே வாரத்தில் அவர்கள் ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று தாங்களாகவே கூட்டிப் படித்தார்கள். இரண்டாம் வகுப்பினர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒன்றுகளையும் பத்துகளையும் பிரித்துக் கூட்டல் செய்தார்கள். சூழ்நிலையியல் பாடத்துக்காக ஊரைச் சுற்றி வந்து வேம்பு, முருங்கை, பூவரசு, வாழை ஆகியவற்றின் இலைகளைச் சேகரித்து, விளிம்பைத் தடவிப் பார்த்து வகைப்படுத்தினோம். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாமல் எந்தப் பிள்ளையும் திரும்பி வரவில்லை. கொட்டாங்குச்சியில் மண் நிரப்பிப் பச்சைப்பயறு போட்டு, முளை வந்த நாளிலிருந்து நாள்தோறும் அதை வரைந்தார்கள். குறுவை நடவு நேரத்தில் நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் அழைத்துச் சென்றேன். ஒரு முடி நாற்றை எத்தனை குத்தாகப் பிரித்து நடுகிறார்கள் என்று அங்கே நட்டுக்கொண்டிருந்த தம் தாய்மாரிடமே பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இவற்றில் பெரும்பகுதி குறிப்பேட்டில் இல்லை. பயிற்சி நூலில் கொஞ்சம் இருக்கிறது, சுவரில் ஒட்டிய தாள்களில் கொஞ்சம் இருக்கிறது, மிச்சம் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது. மதிப்பீடுகளைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்துவிடுகிறேன் என்றாலும், அந்தப் பதிவைக் காட்டிப் பெற்றோரிடம் பேச முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (அடுத்த நிலை), மலர் (மேல் நிலை) என்று அவர்களுடைய கற்றல் நிலைக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிக்கிறோம் என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி அரும்பு நிலையில் இருக்கிறாள். ஜூன் மாதத்தில் அவளுக்கு எழுத்துகளே சரியாகத் தெரியவில்லை. இப்போது மூன்றெழுத்துச் சொற்களைத் தடங்கலின்றிப் படிக்கிறாள். நான் பெருமைப்படும் முன்னேற்றம் இது. ஆனால் அவள் தாய்க்குத் தெரிவதெல்லாம், பக்கத்து வீட்டு ஒன்றாம் வகுப்புப் பையன் வைத்திருக்கும் அதே பயிற்சி நூலைத் தம் மகளும் வைத்திருக்கிறாள் என்பதுதான். அவரிடம் பொய்யான ஆறுதல் சொல்லவும் எனக்கு மனமில்லை, அந்தப் பிள்ளையைப் பின்தங்கியவள் என்று சொல்லவும் மனமில்லை.

இந்தக் கூட்டத்தை எப்படி நடத்தலாம்? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். பிள்ளைகள் தாங்களே செய்து, தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் வந்தபோது, இதே கேள்வியை இதைவிடக் கடுமையாக நாங்கள் எதிர்கொண்டோம். பெஞ்சும் மேசையும் போய்ப் பாய் வந்தது. பாடநூலின் இடத்தில் அட்டைகளும், அவற்றை எந்த வரிசையில் கற்பது என்று காட்டும் ஏணிப்படிப் படமும் வந்தன. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை கட்டி, ஆளுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினோம். பிள்ளை எழுதியது மாலையில் அழிந்துவிடும். பெற்றோர் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பள்ளிக்கூடத்தைப் பால்வாடி ஆக்கிவிட்டீர்கள் என்று ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அப்போது நான் செய்த தவறு, கூட்டம் போட்டுத் திட்டத்தை விளக்கியது. அரைமணி நேரம் பேசினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அடுத்த ஜூனில் ஏழு பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றார்கள். திட்டத்தின் பெயரோ கற்பித்தல் முறையோ பெற்றோருக்கு வேண்டியதில்லை. தம் பிள்ளை ஜூனில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள். அதைப் பிள்ளையின் கையெழுத்திலேயே காட்ட வேண்டும். அதன் பிறகு நான், மாதத்தின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாளைக் கொடுத்து, தன் பெயரையும் தனக்குத் தெரிந்த சொற்களையும் எழுதி ஒரு படம் வரையச் சொல்லி, தேதியிட்டு ஒரு பழைய காலண்டர் அட்டையில் கோத்து வைக்கத் தொடங்கினேன். நான்கு தாள்களை அடுத்தடுத்து வைத்தால், கையெழுத்துப் போடத் தெரியாத தாய்க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் ஜூனில் எடுத்த அடிப்படைத் திறனறிவுத் தாள்கள் அலமாரியில் இருக்குமானால், அவையே போதும். அவற்றோடு வைத்துப் பார்க்க இந்த வாரம் ஒரு தாள் எழுத வையுங்கள்.

படித்துக் காட்டச் சொல்லும்போது ஒன்றில் கவனம் வேண்டும். நடத்திய பாடத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள். பாடலையும் கதையையும் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். என்னிடம் படித்த ஒருவன் ஒரு பக்கம் முழுவதையும் விரல் வைத்து அழகாகப் ‘படித்தான்’. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது புத்தகம் தலைகீழாக இருந்தது. அதன் பிறகு நான் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வரியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். பெற்றோர் எதிரிலும் அப்படியே கேளுங்கள். ஒப்பிப்பது வேறு, படிப்பது வேறு என்பதை அவர்கள் அந்த நொடியில் புரிந்துகொள்வார்கள். மூன்று குறிப்பேடு எழுதிய அண்ணன் மகனிடமும் அந்தத் தந்தை வீட்டில் போய் அதே போலக் கேட்டுப் பார்க்கக்கூடும்.

மூன்றாம் வகுப்புச் சிறுமியைப் பற்றி: அவளைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு சொல்லும் பேச வேண்டாம். தாயைத் தனியாக அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கொரோனாக் காலத்துக்குப் பிறகு 2022இல் இந்தத் திட்டம் தொடங்கியதே, வகுப்பு ஏறியும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள் என்பதால்தான். அவளுக்கு ஏற்பட்ட இடைவெளி என்ன, அதில் எவ்வளவு தூரத்தைக் கடந்திருக்கிறாள், மொட்டு நிலைக்குப் போக இன்னும் என்னென்ன எழுத்துகள் வர வேண்டும் என்று கணக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். தாய்மார் உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள். ஊரார் எதிரில் அதைச் சொல்வதைத்தான் தாங்க மாட்டார்கள்.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்தவர்கள் ‘லை’, ‘னை’ போன்றவற்றை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவத்தில், அதாவது துதிக்கை போட்டு, எழுதக் கற்றவர்கள். அவர்கள் எழுதிக் காட்டுவதும் பள்ளியில் பார்ப்பதும் வேறுபடும்போது பிள்ளை குழம்பிவிடும். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை ‘தலை’ என்ற சொல்லில் மட்டும் ஏன் தடுமாறுகிறாள் என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகே இதைக் கண்டுபிடித்தேன்.

பதில்: ஒரு தாய்

நான் ஆசிரியர் அல்லள். என் மகன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். பெற்றோர் பக்கத்திலிருந்து சில சொற்கள் சொல்ல அனுமதியுங்கள்.

எங்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்றால் என்னவென்று யாரும் சொன்னதில்லை. அழகான பெயர்களாக இருக்கின்றனவே தவிர, மகன் மொட்டில் இருக்கிறான் என்றால் அது நல்லதா, கவலைப்பட வேண்டியதா என்று தெரியாது. சென்ற ஆண்டு மதிப்பீட்டு அட்டையில் ஒரு தரக் குறியீடு போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான். இந்த ஆண்டு வந்த ஆசிரியை என்னை அழைத்து, உங்கள் மகன் ‘கெ’, ‘கே’ இரண்டையும் மாற்றிப் படிக்கிறான், குறில் நெடில் வேறுபாடு காதுக்குத் தெரிகிறது, கொம்பைப் பார்க்கும்போதுதான் தடுமாறுகிறான் என்று சொன்னார். ஓராண்டில் எனக்குக் கிடைத்த பயனுள்ள செய்தி அது ஒன்றுதான். அன்று முதல் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் ஊர்ப் பெயர்ப் பலகையில் ஒற்றைக் கொம்பு எது, இரட்டைச் சுழிக் கொம்பு எது என்று அவனிடம் கேட்கிறேன். சேலம் பேருந்து வந்தால் அவனே முந்திக்கொண்டு சொல்கிறான்.

எனவே கூட்டத்தில் பொதுவாக நாற்பது நிமிடம் பேசுவதைவிட, ஒவ்வொரு வீட்டாருக்கும் மூன்று நிமிடம் ஒதுக்கி, அந்தப் பிள்ளைக்கு எது வந்துவிட்டது, எது வரவில்லை, விடுமுறையில் வீட்டில் என்ன செய்யலாம் என்று மூன்றை மட்டும் சொன்னால் போதும். படிக்காத பெற்றோரும் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். கதை கேளுங்கள், காய்கறியை எண்ணச் சொல்லுங்கள் என்பது போல.

நேரத்தையும் பார்த்து வையுங்கள். அறுவடை நேரத்தில் காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் அரை நாள் கூலி போய்விடும். காலை உணவுக்காகப் பிள்ளைகள் சீக்கிரம் வரும் பள்ளிகளில், அந்த நேரத்தில் கூடவே வரும் தாய்மாரிடம் ஒரு நாளைக்கு நான்கு பேராகப் பேசி முடித்துவிடலாம்.

பதில்: இடைநிலை ஆசிரியர், கணக்கில் ஆர்வமுள்ளவர்

மேலே எழுதிய இருவர் கருத்தோடும் உடன்படுகிறேன். மொழியைப் பற்றி அவர்கள் சொல்லிவிட்டதால் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குறிப்பேட்டை வைத்து ஒருவர் எளிதில் ஏமாறக்கூடிய பாடம் அதுதான்.

42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், பக்கம் பக்கமாகக் கழித்தல் எழுதிய பிள்ளைகளிலும் பலர் 35 என்று எழுதுவார்கள். ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். கடன் வாங்குதல் என்ற சொல்லை அவர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள். யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்பது தெரியாது. உங்கள் பிள்ளைகள் ஈர்க்குக் கட்டு வைத்துப் படித்திருப்பதால், அந்தத் தந்தையைத் தரையில் உட்கார வைத்து, மகனிடம் நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, அப்பாவுக்கு 17 குச்சி கொடு என்று சொல்லுங்கள். பையன் இரண்டு உதிரிகளையும் பார்ப்பான், சற்று நிற்பான், பிறகு ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றுவான். கட்டு அவிழ்ந்து பத்துக் குச்சி தரையில் பரவும். பன்னிரண்டு உதிரியிலிருந்து ஏழை எண்ணிக் கொடுத்து, ஒரு முழுக் கட்டையும் சேர்த்துக் கொடுப்பான். அவனிடம் இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் மிஞ்சியிருக்கும். அவன் தயங்கி நின்று ரப்பரைக் கழற்றிய இடம்தான் இந்தப் பருவத்தின் கணக்குப் பாடம் என்று தந்தையிடம் சொல்லுங்கள்.

அதே சமயம், அந்தத் தந்தை கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். குச்சியோடு நின்றுவிடும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். குச்சியில் செய்ததைப் படமாக வரைந்து, படத்தை எண்ணாக எழுதி, பிறகு குச்சியே இல்லாமல் செய்யும் வரை போகாவிட்டால், மூன்றாம் வகுப்பில் மூன்று இலக்க எண் வரும்போது பிள்ளை மாட்டிக்கொள்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், செய்து பார்த்த கணக்கையே குறிப்பேட்டில் எழுத வைப்பதால் எந்தக் கேடும் இல்லை. அது தந்தையைச் சமாதானப்படுத்துவதற்காகச் செய்வது அன்று, பிள்ளைக்கே தேவையானது.

எண்ணுப் பெயர்களையும் கூட்டத்தில் ஒருமுறை பேசலாம். தமிழில் பதின்மூன்று, பதினான்கு என்று பத்தை முன்னால் சொல்லி ஒன்றைப் பின்னால் சொல்கிறோம். எழுதும் வரிசையும் அதுவே. ஆங்கிலத்தில் ‘தர்ட்டீன்’, ‘ஃபோர்ட்டீன்’ என்று ஒன்றின் இடம் முன்னால் வருகிறது. தொடக்க வகுப்பில் தமிழில் எண்ணும் பிள்ளைக்கு இது ஓர் அனுகூலம், பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது. தமிழில் சிக்கல் வருவது தொண்ணூறில். எண்பத்தொன்பதுக்கு அடுத்து வரும் அந்தப் பெயரில் ‘நூறு’ காதில் விழுவதால், பிள்ளைகள் 90க்குப் பதிலாக 100 என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்பது கட்டுகளை அடுக்கி வைத்து, இதன் பெயர் தொண்ணூறு என்று கையால் தொட்டுச் சொல்லச் செய்வதைவிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்ட ஆசிரியையின் பதில்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. விடுமுறை தொடங்கிவிட்டதால், நடந்ததைச் சொல்கிறேன்.

பொதுக்கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்றால் என்ன என்பதை மட்டும் எடுத்துச் சொன்னேன். மற்ற பேச்சையெல்லாம் ஐந்து காலைகளாகப் பிரித்துக்கொண்டு, பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினேன். 24 வீட்டாரில் 21 பேர் வந்தார்கள். ஜூன் மாதத் திறனறிவுத் தாள்கள் கிடைத்தன. ஆனால் ஐந்து பிள்ளைகளின் தாள்களில் பெயர் இல்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், ஜூனில் அவர்களுக்குக் கையெழுத்து என்று ஒன்றே இல்லை. அது என் கவனக்குறைவு.

குறிப்பேட்டோடு வந்த தந்தை ஈர்க்குக் கட்டை வைத்து மகனோடு மூன்று கணக்குச் செய்தார். மூன்றாவதில் மகனுக்குப் பதில் அவரே முந்திக்கொண்டு ரப்பரைக் கழற்றப் போனபோது, பையன் அவர் கையைத் தள்ளிவிட்டான். போகும்போதும் எழுத்து வேலை வேண்டும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் பருவத்தில் செவ்வாயும் வெள்ளியும் செய்த கணக்கை எழுத வைப்பேன் என்று ஒப்புக்கொண்டேன். பள்ளியை மாற்றுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் வகுப்புச் சிறுமியின் தாயைக் கடைசி நாளில் தனியாகச் சந்தித்தேன். தலைமையாசிரியை அம்மையார் சொன்னது போலக் கணக்காகவே சொன்னேன்: உயிரெழுத்துகள் வந்துவிட்டன, மெய்யும் அகர வரிசையும் வந்துவிட்டன, இகர ஈகாரம் வருகிறது, கொம்பு எழுத்துகள் இன்னும் வரவில்லை. அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ரேஷன் கடைக்குப் போவதற்காகக் கொண்டுவந்திருந்த குடும்ப அட்டையைப் பையிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினார். சிறுமி அதை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுத் தன் தாயின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அந்தப் பெயரில் கொம்பு இல்லை. அடுத்திருந்த தந்தையின் பெயரில் கொம்பு இருந்தது, அங்கே நின்றுவிட்டாள். இதைத்தான் இன்னும் படிக்க வேண்டும் என்று அவளே தன் தாயிடம் சொன்னாள்.

விடுமுறையில் அந்த ஒற்றைக் கொம்பையும் இரட்டைச் சுழிக் கொம்பையும் பேருந்துப் பலகைகளில் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வராத மூன்று வீட்டாரும் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் இருக்கிறார்கள். அக்டோபரில் பள்ளி திறந்ததும் அந்த வீடுகளுக்கு நானே போய் வரலாம் என்றிருக்கிறேன். அவற்றில் ஒரு வீட்டில் பாட்டி துதிக்கை போட்டு எழுதக் கற்றவராக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அந்தப் பையனும் ‘தலை’, ‘மலை’ ஆகிய சொற்களில்தான் தடுமாறுகிறான்.